அம்மாவுக்குச் சுகமில்லையாம்

அத்தியாயம் 11

"உங்கடை வேதத்திலை புருசன் செத்தால் பொம்பிளையை என்ன செய்வினம்?"

ஒன்பதாம் வகுப்பில் கீர்த்திகா என்னிடம் கேட்டது. அப்பாவின் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து நான் பள்ளிக்கூடம் திரும்பிய முதல் நாள். அவள் நக்கலாகக் கேட்கவில்லை. தன் சித்தியின் பொட்டை அழித்து அறைக்குள் இருத்தியதைக் கிட்ட நின்று பார்த்தவள். வேதக்காரர், கிறிஸ்தவர்கள், வேறு மாதிரியோ என்று அறிய ஆசைப்பட்டாள்.

நான் வாய் திறக்கவில்லை. பதில் தெரியாமல் அல்ல. தெரிந்ததால்தான். அப்பாவின் சவப்பெட்டியை மூடுவதற்கு முன், அம்மாவின் தமையன் மனைவி றீற்றா மாமி அம்மாவின் கழுத்தில் கைவைத்துத் தாலிக்கொடியைக் கழற்றினா. சுற்றி நின்ற பெண்கள் எல்லாருடைய கையிலும் செபமாலை இருந்தது. "இனி அவவுக்கு என்னத்துக்கு" என்று அதே வாய்கள்தான் சொன்னன.

அடுத்த தவணையோடு நான் பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டேன். கீர்த்திகாவின் கேள்வி மட்டும் நிற்கவில்லை. நாலு வருசம் கழித்து, போன வியாழக்கிழமை விடிய, ஒரு வான் வண்டியில் ஏறி எங்கள் வாசலுக்கே வந்தது.

அன்று சாருஜா அக்காவின் பொன்னுருக்கு.

அக்காவும் உரும்பிராய் நிருஷனும் ஆறு வருசமாக விரும்பியவர்கள். அவர்கள் சைவம், நாங்கள் வேதம். இரண்டு வீடும் சண்டை பிடித்து ஓய்ந்து கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தன. நிருஷன் ஞானஸ்நானம் எடுப்பார். கலியாணம் எங்கள் கோயிலில். பொன்னுருக்கு அவர்கள் வீட்டில், அவர்கள் முறைப்படி. நல்லநேரத்தில் பத்தர் வந்து தாலிக்கான பொன்னை உருக்க, நாங்கள் தட்டுகளோடு போய் இருந்து பார்க்க வேண்டும். நாலு நாள் கழித்துத் திங்கட்கிழமை கலியாணம்.

அம்மாவுக்கு இதில் ஒரே ஒரு ஆசை. தன் தாலியையும் அந்தப் பொன்னோடு சேர்த்து உருக்க வேண்டும். புறா பொறித்த சின்னத் தாலி. அப்பா கட்டியது. அதற்கு முதல் கிழமை அதை ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காணிக்கை உறைக்குள் போட்டு, தன் தமையன் கிறகோரி மாமாவின் கையில் கொடுத்தா. வீட்டில் வேறு உறை இருக்கவில்லை.

"போடுவன் தானே, லூர்த்து" என்றார் மாமா.

மாமா எங்கள் பங்குச் சபையின் செயலாளர். ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் வாசகம் வாசிப்பவர். அவருடைய கைத்தொலைபேசியில் செபப்புத்தகமும் உண்டு, பஞ்சாங்கமும் உண்டு. கலியாணப் பூசையை ஒன்பது மணிக்கு வைப்போம் என்று எங்கள் பங்குச் சுவாமி சொன்னபோது, "ஆக்கள் வரச் சுணங்கும் சுவாமி, ஒன்பது நாப்பத்திரண்டுக்கு வைப்பம்" என்றவர். ஏன் நாற்பத்திரண்டு என்று சுவாமி கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

வியாழக்கிழமை ஏழு மணிக்கு அம்மா வெளிக்கிட்டு நின்றா. சந்தன நிறச் சேலை. அக்கா தன் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது. நாலு வருசமாக அலுமாரிக்குள் கிடந்த மடிப்பு இன்னும் போகவில்லை.

மாமா வானால் இறங்கி அம்மாவை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ எங்கை வெளிக்கிடுறாய்?"

"பொன்னுருக்குக்கு, அண்ணை."

"அது சைவ வீடு, லூர்த்து. அவைக்கு உது சரிவராது."

"அவை ஏதும் சொன்னவையோ?"

"சொல்ல வைக்கக்கூடாது. நாங்களாப் பாத்து நடக்கவேணும். வேதக்காரருக்கு ஒரு முறை தெரியாதெண்டு ஒரு கதை வந்திட்டால் பிறகு ஆயுசுக்கும் போகாது."

அம்மா தட்டுகளைப் பார்த்தா. வெற்றிலை, பழம், பலகாரம். எல்லாம் அம்மா விடிய மூன்று மணிக்கு எழும்பிச் செய்தவை. அவவுடைய கை பட்ட பலகாரம் போகலாம். அவ போகக்கூடாது.

"அப்ப அந்த உறை?"

"என்ரை பொக்கற்றிலை பத்திரமாக் கிடக்கு."

அம்மா உள்ளே போய்விட்டா. பொன்னுருக்குக்குப் பொம்பிளை போவதில்லை; அக்கா அறைக்குள் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள், வாசலில் நடந்தது அவள் காதில் விழவில்லை. நான் ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு வானில் ஏறினேன். எனக்கு ஆட்களுக்கு முன்னால் கதைக்க வராது. அதைச் சாட்டாகச் சொல்லிச் சொல்லியே நான் எத்தனையோ இடங்களில் தப்பியிருக்கிறேன்.

உரும்பிராயில் நிருஷனின் தகப்பன் தம்பிராசா வாசலுக்கே வந்து நின்றார். வெங்காயத் தோட்டம் செய்கிற மனிதர். அன்றைக்குத்தான் புதுவேட்டி கட்டப் பழகியவர் போல அடிக்கடி இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்கோ வாங்கோ. இந்தாருங்கோ, உங்களுக்கெண்டு ஒண்டு செய்தனான்."

கூடத்தில், அவர்களுடைய சாமிப் படங்களுக்குப் பக்கத்தில், ஒரு மாதா படம். புதுச் சட்டம். மல்லிகை மாலை. யாழ்ப்பாணம் போய் மூன்று கடை ஏறி இறங்கினாராம்.

"சின்னப் படந்தான் கிடைச்சுது" என்றார், குற்றம் செய்தவர் போல.

மாமா அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லை. நேரே போய், குத்துவிளக்கின் முன் மஞ்சளில் பிடித்து அறுகம்புல் குத்தி வைத்திருந்த பிள்ளையாருக்குக் கைகூப்பினார். திருநீற்றுத் தட்டு வந்தபோது மூன்று விரலால் அள்ளிப் பூசினார். அந்த வீட்டு ஆட்களே அவ்வளவு பூசவில்லை. மாதாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முன்வரிசைக் கதிரையில் இருந்தார்.

நான் பூசை செய்கிறவர்களைக் குறை சொல்லவில்லை. அது அவர்களுடைய வீடு, அவர்களுடைய சாமி, அவர்களுடைய முறை. மாமா கும்பிட்டது பிள்ளையாரை அல்ல. பார்த்துக்கொண்டிருந்த ஆட்களை.

முன்வரிசையில் ஒரு கதிரை வெறுமையாகக் கிடந்தது. நிருஷனின் தாய் செல்வநாயகி அம்மா அதன் பிடியில் கைவைத்துக்கொண்டு கேட்டா:

"சம்பந்தியம்மா எங்கை? நான் அவவுக்கெண்டு கதிரை போட்டு வைச்சனான்."

"அவவுக்குச் சுகமில்லை" என்றார் மாமா. மூச்சு விடுகிற நேரம்கூட எடுக்கவில்லை.

"ஐயோ, என்ன செய்யுது?"

"தலைச்சுத்து. பிறசர்."

செல்வநாயகி அம்மாவின் தமக்கை பின்னால் நின்று, "அதுவும் நல்லதுக்குத்தான்" என்று மெல்லச் சொன்னா. செல்வநாயகி அம்மாவுக்கு அது கேட்டது. அவ திரும்பி ஒரு பார்வை பார்த்தா, அவ்வளவுதான். பிறகு என்னிடம் குனிந்தா.

"பிள்ளை, அம்மாவுக்குக் கடுமையோ?"

றீற்றா மாமியின் விரல் என் முதுகில் குத்தியது.

நான் தலையாட்டினேன்.

கீர்த்திகாவுக்குப் பதில் சொல்லாதவள் செல்வநாயகி அம்மாவுக்குச் சொன்ன பதில் அதுதான். வார்த்தை இல்லாத பொய். அந்தத் தலையாட்டலுக்காக எனக்கு என்மேல் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

"அப்ப பின்னேரம் ஒருக்கா வந்து பாக்கிறன்" என்றா அவ.

நமசிவாயம் பத்தர் சட்டியில் உமித்தணலை ஊதிக்கொண்டிருந்தார். சுன்னாகத்தில் கடை வைத்திருப்பவர். தங்கக்காசைக் காட்டி எல்லாரையும் தொடவைத்துவிட்டு, உருக்குகிற மூசைக்குள் போட முன் ஒரு கேள்வி கேட்டார்.

"வேறை ஏதும் பொன் சேர்க்கிறதுக்கு இருக்கோ?"

நான் மாமாவைப் பார்த்தேன். அவருடைய சட்டைப் பொக்கற்றிலிருந்து காணிக்கை உறையின் ஒரு மூலை வெளியே தெரிந்தது. அதில் அச்சடித்திருந்த எங்கள் கோயிலின் கோபுரம் பாதிக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தது.

"இல்லை" என்றார் மாமா. ஒரு விரலால் அந்த மூலையை உள்ளே தள்ளினார்.

பொன் உருகியது. தேங்காய் உடைத்தார்கள். உருகிக் கட்டிய பொன்னை வெற்றிலையில் வைத்து எல்லாருக்கும் காட்டினார்கள். "நல்லா உருகியிருக்கு" என்று ஆளுக்காள் சொன்னார்கள். பத்தர் அதைப் பொதிந்துகொண்டு, "நாளைக்கு விடியத்தான் தாலியிலை கைவைப்பன்" என்று தம்பிராசாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

வான் உரும்பிராய்ச் சந்தி தாண்டியதும் மாமா லேஞ்சியை எடுத்து நெற்றியைத் துடைத்தார். கண்ணாடியில் பார்த்து மறுபடியும் துடைத்தார்.

"சுவாமி கண்டால் ஆயிரம் கதை கேப்பார்" என்றார். றீற்றா மாமி சிரித்தா.

வீட்டில் அம்மா வாசல்படியில் இருந்தா. சேலை மாற்றியிருக்கவில்லை.

"போட்டாச்சோ, அண்ணை?"

மாமா உறையை எடுத்து நீட்டினார்.

"கைம்பெண்ணின்ரை தாலி, லூர்த்து. புதுத்தாலிக்குள்ளை போனால் ஆகாது. பிள்ளையின்ரை வாழ்க்கையெல்லோ. நீயும் யோசிச்சுப்பார்."

அம்மா உறையை வாங்கினா. விரலால் தடவி உள்ளே தாலி இருக்கிறதா என்று பார்த்தா.

"ஓம்" என்றா. "ஆகாதெண்டால் வேண்டாம்."

எனக்கு மாமாமேல் வந்ததைவிடக் கூடுதலாக அம்மாமேல் கோபம் வந்தது அந்த 'ஓம்'மில்தான்.

அறைக்கதவைத் திறந்துகொண்டு அக்கா வந்தாள். எண்ணெய்த் தலை. முகம் சிவந்திருந்தது.

"மாமா, அந்தக் கதையை ஆர் சொன்னது? உரும்பிராய் மாமியவையோ?"

"ஒருத்தரும் சொல்லத் தேவையில்லை. ஊருக்கே தெரியும்."

"ஊருக்குத் தெரியும். உங்களுக்கு என்ன தெரியும்? போன ஞாயிறு பீடத்திலை ஏறி நிண்டு, விதவைகளை ஒடுக்காதையுங்கோ எண்டு வாசிச்சது ஆர்? நான் முன்வரிசை வாங்கிலை இருந்து கேட்டனான்."

"அது கோயில், பிள்ளை. இது கலியாணம்."

"கலியாணமும் கோயிலிலைதானே?"

"தாலி கட்டிறது கோயிலிலை. அதுக்குப் பிறகு வாழுறது ஊருக்குள்ளை."

"அப்ப திங்கட்கிழமை அம்மா எங்கை நிக்கிறது?"

மாமா றீற்றா மாமியைப் பார்த்தார். அவர்கள் இதை முதலே கதைத்து வைத்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் விளங்கியது.

"கூறைத்தட்டை மாமி எடுப்பா. ஆலாத்தியும் மாமிதான். அம்மா கோயிலுக்குள்ளை வந்து பின்னுக்கு இருக்கட்டும். ஒருத்தரும் வேண்டாமெண்டேல்லை."

"எந்தப் பின்னுக்கு? தூணுக்குப் பின்னுக்கோ?"

"சாருஜா, வாயைக் குறை" என்றா அம்மா. "நான் எங்கை இருந்தாலும் ஆண்டவருக்குத் தெரியும்."

"ஆண்டவருக்குத் தெரியும் அம்மா. எனக்குத் தெரியாது. எனக்கு உங்களைப் பாக்கவேணும்."

அந்த நேரம் மாமாவின் தொலைபேசி அடித்தது. செல்வநாயகி அம்மா. மாமா குரலை மாற்றி, "ஓம் தங்கச்சி... ஓம், படுத்திருக்கிறா... உங்களுக்கு என்னத்துக்குச் சிரமம்... சரி, அஞ்சு மணிக்கு வாங்கோ" என்றார். வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

"சேலையை மாத்திப்போட்டுப் படு."

"என்னத்துக்கு?"

"உனக்குச் சுகமில்லை எண்டு சொல்லிப்போட்டன்."

அம்மாவின் முகம் முதன்முறையாக மாறியது.

"அண்ணை, எனக்குப் பொய் சொல்லேலாது."

"நீ ஒண்டும் சொல்லவேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு கிட. வாய் திறந்தால்தானே பொய்."

நாலரை மணிக்குக் கூடத்தில் கட்டில் போட்டார்கள். றீற்றா மாமி அம்மாவின் நெற்றியில் தைலம் பூசி, ஈரத்துணி வைத்து, கழுத்துவரை போர்த்துவிட்டா. சித்திரை வெயில். போர்வைக்குக் கீழே சந்தனச் சேலைதான். அதை மட்டும் அம்மா மாற்றவில்லை. உறையைத் தலையணைக்குக் கீழே வைத்தா.

"இன்னும் கொஞ்சம் வாட்டமாக் கிடவுங்கோ, மச்சாள்" என்றா றீற்றா மாமி. "சீவன் இருக்கிற மாதிரித் தெரியுது."

வாசற்படலை திறந்த சத்தம் கேட்டது. செல்வநாயகி அம்மா தனியாக வரவில்லை. மோட்டார் சைக்கிளில் நிருஷனும் வந்திருந்தார். மாமா ஓடிப்போய் அக்காவின் அறைக்கதவை வெளியால் சாத்திக் கொண்டி போட்டார்.

நிருஷன் தோடம்பழப் பையோடு வாசலில் நின்று அதைப் பார்த்தார்.

"ஏன் மாமா கதவு?"

"பொன்னுருக்கினாப் பிறகு மாப்பிளையும் பொம்பிளையும் பாக்கக்கூடாதெல்லோ தம்பி."

"அது எங்கடை வழக்கமெல்லோ. அதையே நான் பாக்கேல்லை. நீங்கள் ஏன் பாக்கிறியள்?"

உள்ளே அக்கா சிரித்தது எனக்குக் கேட்டது. மாமாவுக்கும் கேட்டிருக்கும்.

செல்வநாயகி அம்மா கட்டிலின் ஓரத்தில் இருந்து அம்மாவின் கையைப் பிடித்தா. "கை சூடாக் கிடக்கு" என்றா. போர்வைக்குள் சூடாகத்தானே இருக்கும். அம்மா கண்ணைத் திறக்கவில்லை. இமை மட்டும் துடித்தது.

"நான் ஒரு செபம் சொல்லட்டோ, மாமா?" என்றார் நிருஷன்.

யாரும் எதிர்பார்க்கவில்லை.

"ஞானஸ்நானத்துக்குப் படிக்கேக்கை சுவாமி தந்த புத்தகத்திலை நோயாளிக்கெண்டு ஒரு செபம் கிடக்கு. இன்னும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. முதல் அம்மாவுக்குச் சொல்லுறன்."

"அதெல்லாம் என்னத்துக்குத் தம்பி, நித்திரை கொள்ளட்டும்."

"ரண்டு நிமிசந்தான் மாமா."

அவர் சட்டைப் பொக்கற்றிலிருந்து சின்னப் புத்தகத்தை எடுத்தார். பக்கத்துக்கு அடையாளமாக வைத்திருந்தது பேருந்துச் சிட்டை. செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலின் கால்மாட்டில் வந்து நின்றார். சிலுவை அடையாளம் போடும்போது எந்தத் தோள் முதல் என்று ஒரு கணம் யோசித்தார். செல்வநாயகி அம்மாவும் எழும்பி நின்று கைகூப்பினா. அவவுக்கு அந்தச் செபம் தெரியாது, ஆனால் ஒரு நோயாளிக்காக மகன் கடவுளிடம் கேட்கிறான் என்று தெரியும். கண்ணை இறுக்க மூடியிருந்தா.

மாமாவும் கைகூப்பினார். றீற்றா மாமியும். நானும்.

"ஆண்டவரே" என்று நிருஷன் எழுத்துக் கூட்டுவது போல மெதுவாக வாசித்தார், "இந்தப் படுக்கையிலே துன்பப்படுகிற உமது மகள்..."

புத்தகத்தில் அந்த இடம் கோடாக விட்டிருக்கும். பெயரை நாங்கள் நிரப்ப வேண்டும்.

"...லூர்த்தம்மாவை நீர் கண்ணோக்கிப் பாரும்."

அம்மா கண்ணைத் திறந்தா.

ஊருக்குப் பயந்து அவ தாலியைக் கழற்ற விட்டிருக்கிறா. ஊருக்குப் பயந்து வானில் ஏறாமல் நின்றிருக்கிறா. தூணுக்குப் பின்னால் இருக்கவும் ஒத்துக்கொண்டா. எல்லாவற்றுக்கும் 'ஓம்' சொன்னவ. ஆனால் ஆண்டவர் கண்ணோக்கிப் பார்க்கும்போது பொய்யாகக் கிடக்க அவவால் ஏலவில்லை.

ஈரத்துணியை எடுத்துக் கட்டில் சட்டத்தில் போட்டா. போர்வையை விலக்கினா. எழும்பி இருந்து, நெற்றித் தைலத்தைச் சேலைத் தலைப்பால் அழுத்தித் துடைத்தா. தலையணையைத் தூக்கி உறையை எடுத்தா.

நிருஷனின் வாய் பாதிச் சொல்லில் நின்றது.

"லூர்த்து" என்றார் மாமா. பல்லுக்குள்ளால். "படு."

அம்மா நிலத்தில் காலை வைத்தா. சந்தனச் சேலை கசங்கியிருந்தது. அதை நீவிக்கூட விடவில்லை.

செல்வநாயகி அம்மா பதறிப்போய் என்னைப் பார்த்தா. "பிள்ளை, அம்மா எழும்பலாமோ? விழுந்துபோடுவா. தலைச்சுத்தெல்லோ?"

றீற்றா மாமியின் விரல் மறுபடியும் என் முதுகுக்கு வந்தது. நான் விலகி நின்றேன்.

"அம்மாவுக்கு நோய் வருத்தம் ஒண்டும் இல்லை, மாமி" என்று செல்வநாயகி அம்மாவிடம் சொன்னேன். என் குரல் எனக்கே வேறு ஆளின் குரல் போலக் கேட்டது. "காலமையும் இருக்கேல்லை. கைம்பெண் வரக்கூடாதெண்டு மாமா மறிச்சவர். அம்மா இதே சேலையோடை வெளிக்கிட்டு நிண்டவ. நீங்கள் கேக்க நான்தான் பொய்யாத் தலையாட்டினனான்."

அறைக்குள் அக்கா கதவைத் தட்டத் தொடங்கினாள்.

"அவ வரக்கூடாதெண்டு நாங்கள் கேக்கேல்லையே, அண்ணை" என்று செல்வநாயகி அம்மா மாமாவிடம் சொன்னா. பிறகு, தன் தமக்கையின் பேச்சு ஞாபகம் வந்ததோ என்னவோ, கண்ணைத் தாழ்த்திக்கொண்டா. "கேட்டிருக்கவும் கூடும்" என்றா மெல்ல.

மாமா வாசலை மறித்துக்கொண்டு நின்றார். அம்மா அவருக்கு முன்னால் போய் நின்றா. தள்ளவில்லை, விலகச் சொல்லவில்லை. உறையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, அவர் நெற்றியில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு கீற்றுத் திருநீற்றைப் பார்த்தபடி நின்றா. மாமாவின் கை தன்பாட்டில் நெற்றிக்குப் போனது. கால் ஒரு அடி விலகியது.

நான் ஓடிப்போய் அம்மாவின் செருப்பை எடுத்துப் படியில் வைத்தேன்.

மணி ஐந்தரை. தாலியில் இன்னும் கைவைக்காத நமசிவாயம் பத்தர் ஆறரைக்குக் கடை பூட்டுவார். அம்மா அங்கேதான் போகிறாவா என்று எனக்குத் தெரியாது. படலைக்கு வெளியே இடக்கைப் பக்கம் கோயில், வலக்கைப் பக்கம் சுன்னாகத்துப் பத்தர் கடைக்குப் போகிற வழி. சந்தனச் சேலை படலையில் ஒரு கணம் நின்றது. பிறகு வலக்கைப் பக்கம் திரும்பியது. மாமா கூப்பிட்டார், நிருஷன் கூப்பிட்டார், கதவுக்குப் பின்னால் இருந்து அக்கா கூப்பிட்டாள். அம்மா உறையை நெஞ்சோடு பிடித்தபடி நடந்து போனா.